மலைக்காட்டில் பைக் பயணம்: மதுரையிலிருந்து கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரர்களுக்கு மலை ரொம்பப் பக்கம். வடக்கே போனால் சிறுமலை. வத்தலக்குண்டு தாண்டினால் கீழ்ப்பழனி மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி. உசிலம்பட்டி வழியே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் வருசநாடு. இன்னும் மேற்கே சின்னமனூரிலிருந்து ஏறும் மேகமலை. காலையில் டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் காட்டுக்குள் இருக்கலாம். நம்மை ஏமாற்றுவதும் அதுதான். லடாக் போகிறவர் ஆறு மாதம் திட்டம் போடுகிறார். மேகமலைக்குப் போகிறவர் முதல் நாள் ராத்திரி டீக்கடையில் பேசி முடித்துவிடுகிறார். ஆளும் இல்லாமல் டவரும் இல்லாமல் வண்டி நின்றுவிட்டால் இரண்டு பேர் படும் பாடும் ஒன்றுதான்.

பன்னிரண்டு வருஷமாக இந்த மலைகளில் வழிகாட்டி யாரும் இல்லாமல், நாங்களே பாதை பார்த்து ஓட்டி வருகிறோம். நானும் என்னோடு வந்தவர்களும் செய்த தவறுகளைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன்.

கிலோமீட்டரில் கணக்குப் போடுவது

மதுரையிலிருந்து தேனி 80 கிலோமீட்டருக்குள்தான். நிதானமாக ஓட்டினாலும் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதே கணக்கை மலைக்குள் கொண்டு போனால் தப்பாகிவிடும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அதை ஏறி முடித்து ஹைவேவிஸ் தாண்டி மணலாறு, இரவங்கலாறு பக்கம் போகும்போது கல் பெயர்ந்த இடங்களில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினாலே பெரிய விஷயம். நின்று போட்டோ எடுப்பது, பஸ்ஸுக்கு ஒதுங்குவது, கீழே போட்ட வண்டியைத் தூக்கி நிறுத்துவது எல்லாம் அதற்கு மேல்.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு மணி நேரத்தை எழுதுங்கள். அதிலும் முதலில் எழுத வேண்டியது திரும்பும் நேரம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பரில் மதுரையில் ஆறு மணிக்குத்தான் சூரியன் மறையும். ஆனால் மலையின் கிழக்குச் சரிவில் ஏறும் பாதைகளில் கதை வேறு. வெயில் நமக்கு மேலே இருக்கும் உச்சிக்கு அந்தப் பக்கம் போய்விடும், ஐந்து மணிக்கே வளைவுகளில் மங்கல் வந்துவிடும். மேகமலை அடிவாரத்தில் இருக்கும் தென்பழனி போன்ற வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களும் அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

நாங்கள் மதியம் இரண்டு மணி என்று வைத்திருக்கிறோம். இரண்டு மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறோமோ அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவோம். அருவி இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்று யார் சொன்னாலும் சரி.

மேப்பில் கோடு தெரிந்தால் போகலாம் என்று நினைப்பது

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் டாப் ஸ்டேஷன் போக ஒரு பழைய பாதை உண்டு. அதைப் பற்றிக் கேள்விப்படாத பைக்காரர் இருக்க மாட்டார். அந்தப் பாதை மூடப்பட்டுப் பல வருஷம் ஆகிறது. இன்னமும் அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ ஓட்டிப் பதிவு செய்த தடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு அப்படியே போவதும் இதே வகைத் தவறுதான். அவர் அனுமதி வாங்கிப் போனாரா, எந்த மாதம் போனார், அந்த எஸ்டேட் கேட் இன்று திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்காது.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது நாட்டின் 51-வது புலிகள் காப்பகம். வருசநாட்டுக் காடுகளுக்கும் சதுரகிரிப் பக்கத்துக்கும் இது பொருந்தும். தார்ச் சாலையை விட்டு இறங்கி அனுமதியில்லாமல் காட்டுக்குள் வண்டியை விட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அபராதத்தோடு போகாமல் வழக்கு வரையும் போகலாம். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பது நல்லது. பத்து நிமிட வேலை.

பாதை எப்படி இருக்கிறது என்பதை அறிய எங்களிடம் ஒரே கேள்விதான் உண்டு. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணே, பஸ் எதுவரைக்கும் போகும்?" என்று கேட்போம். பஸ் போகிற இடம்வரை எந்தப் பைக்கும் போகும். அதற்கு மேல் ஜீப் போகிறது என்றால் மண் ரோட்டில் பழகிய கை வேண்டும். அதற்கும் மேலே குதிரையில்தான் மூட்டை இறங்குகிறது என்றால் அங்கே வண்டியை விட்டுவிட்டு நடப்போம். சிறுமலையில் இன்றும் தோட்டத்துச் சரக்கைக் குதிரையில் இறக்கும் பாதைகள் உண்டு. அவை பைக்குக்கான பாதைகள் அல்ல.

மாதம் பார்க்காமல் கிளம்புவது

ஐப்பசி, கார்த்திகையில் மலை பச்சையாக இருக்கும், எல்லோருக்கும் ஆசை வரும். மண் சரிவதும் அப்போதுதான். ஓடைகளில் நாம் நிற்கும் இடத்தில் மழை இருக்காது, வெயில்கூட அடிக்கும். மேலே இரண்டு மலை தள்ளிப் பெய்த மழை அரை மணி நேரத்தில் தரைப்பாலத்துக்கு மேல் ஓடும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது ஐப்பசி மழையும் இல்லை, கோடை மழை. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அக்கரைக்குப் போக நினைக்காதீர்கள். முழங்கால் ஆழம் ஓடும் தண்ணீர்கூட வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

மாசியிலிருந்து சித்திரை வரை தீ பயம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் மேட்டில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அந்த மாதங்களில் வனத்துறை பாதையை அடைத்தால் அதோடு வாக்குவாதம் பண்ணாமல் திரும்பிவிடுங்கள். சூடான சைலன்சரோடு காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது.

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண்டிபட்டிப் பக்கமும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய வண்டி திறந்த வெளியில் ஒரு கை அகலம் தள்ளாடும். எனக்குப் பிடித்த மாதம் தை. மழை ஓய்ந்து, புல் காயாமல், ஓடைகளில் தெளிந்த தண்ணீர் இருக்கும்.

டியூப் விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயணங்கள் இதில்தான் நிற்கின்றன.

காட்டுப் பாதைக்கென்று வரும் பல வண்டிகளில் கம்பி போட்ட சக்கரம், உள்ளே டியூப். முன் சக்கரம் 21 அங்குலம். கடையில் விற்கும் குச்சிப் பஞ்சர் கிட் டியூப்லெஸ் டயருக்கானது. டியூப் உள்ள டயரில் அதைக் குத்தினால் ஓட்டைதான் பெரிதாகும். அந்தக் கிட்டைப் பையில் வைத்துக்கொண்டு தைரியமாகக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன்.

கடமலைக்குண்டு தாண்டி வருசநாடு போகும் வழியில் முன் சக்கரத்தில் முள் ஏறியது. ஸ்டியரிங் கனமாக இருப்பது தெரிந்தும், ஊர் வந்துவிடும் என்று ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். அங்கேதான் தப்பு. காற்று இல்லாத டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், டியூபும் அதோடு இழுபடும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டி நிற்கும். பஞ்சர் கடை அண்ணன் டயரைக் கழற்றி டியூபை வெளியே எடுத்தபோது வால்வு அடியோடு பிய்ந்து தனியாக வந்தது. முள் ஓட்டை மட்டும் என்றால் இருபது ரூபாய் ஒட்டில் போயிருக்கும். வால்வு பிய்ந்த டியூபுக்கு ஒட்டே கிடையாது. அவர் கடையில் 17, 18 அங்குல டியூப் மாலை மாலையாகத் தொங்கியது. "இம்புட்டுப் பெரிய வீலுக்கு நம்மகிட்ட இல்லையே தம்பி" என்றார். மதுரையிலிருந்து நண்பன் டியூபோடு வந்து சேர இருட்டிவிட்டது. அதுவரை அவர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன், சாப்பாடும் அவர்தான் போட்டார்.

அதிலிருந்து நாங்கள் செய்வது இது. ஸ்டியரிங் கனத்த உடனே நிறுத்திவிடுவோம். 21 அங்குல டியூப் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர்வந்து சேரலாம். சின்ன டியூபை முன்னால் போட முடியாது. டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று, பின் சக்கர அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். கடைசியில் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் வண்டியோடு வரும் டூல் கிட்டில் அது எப்போதும் இருப்பதில்லை. வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கல் பாதையில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சின்னமனூர், வத்தலக்குண்டு மாதிரி அடிவாரத்து ஊரில் டேங்கை நிரப்புங்கள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது வழக்கமான மைலேஜ் கிடைக்காது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துப் போகாதீர்கள்.

இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இன்ஜின் பிடிமானம் போய் மொத்த பாரமும் பிரேக்கில் விழும். சூடேறிய பிரேக் பத்தாவது வளைவில் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

போனை நம்பி இருப்பது

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுச் சாட்டிலைட் போனோ சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அரசு அனுமதி இல்லாமல் இங்கே அவற்றை வைத்திருந்தால் பிரச்சினை. அதற்கு முயற்சிக்க வேண்டாம். எந்த வழியில் ஏறுகிறோம், எந்த வழியில் இறங்குகிறோம், எத்தனை மணிக்கு எந்த ஊரிலிருந்து போன் பண்ணுவோம், அது வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். குறைந்தது மூன்று பேராகப் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்கலாம், இன்னொருவர் டவர் கிடைக்கும் இடத்துக்குப் போய் 108-ஐ அழைக்கலாம். வருசநாடு, தேனிப் பக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி, ஆண்டிபட்டி–தேனி சாலையில் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவர்கள் பேச்சைக் கேட்காமல் போவது

ஆளில்லாத காடு என்று நாம் சொல்லும் இடத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன, எஸ்டேட் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், காபித் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சைலன்சரை மாற்றிச் சத்தம் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலைக் கடக்கிறவரை அவர்கள் எதற்கு நிறுத்தி எச்சரிக்க வேண்டும்? ரோட்டோரம் காபிக்கொட்டை காயப் போட்டிருந்தால் சுற்றிப் போங்கள். ஒரு நிமிடம் நின்று பேசுங்கள்.

போன தை மாதம் தாண்டிக்குடிக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி காபிக்கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் வண்டியை அணைத்துவிட்டு வழி கேட்டோம். "மேல வளைவுல காட்டுமாடு நிக்குதுய்யா. பஸ்ஸு வரட்டும், அதுக்குப் பின்னாடி போங்க" என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கடுங்காப்பி கொடுத்தார். பஸ் வந்ததும் அதன் பின்னாலேயே ஏறினோம். மூன்றாவது வளைவில் டிரைவர் ஹாரன் அடிக்காமல் மெதுவாக நிறுத்தினார். நாங்களும் நிறுத்தினோம். பஸ்ஸின் முகப்புக்கும் பாறைக்கும் நடுவே வெள்ளைக் கால்கள் நான்கு தெரிந்தன. அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, அப்புறம் அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கியது. கன்று ஒன்று பின்னாலேயே ஓடியது.