கேனன் இக்ஸஸ் 70: பழைய ஒல்லிக் கேமராவைப் பார்த்து வாங்குவதும் பதமாக வைத்துக்கொள்வதும்

கேனன் 2007-இல் வெளியிட்ட இக்ஸஸ் 70 சட்டைப் பையில் கிடப்பதே தெரியாது. தடிமன் 19.4 மில்லிமீட்டர், பேட்டரி இல்லாமல் எடை 125 கிராம். அமெரிக்காவில் இதே கேமரா பவர்ஷாட் எஸ்டி1000 என்ற பெயரில் விற்றது. 7.1 மெகாபிக்சல் சிசிடி (அந்தக் காலத்துக் கேமராக்களில் இருந்த பட உணரி வகை) சென்சார், மூன்று மடங்கு ஜூம், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு குட்டி வ்யூஃபைண்டர் ஆகியவை இதில் உண்டு. உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. இன்று கிடைப்பது எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான் என்பதால், படம் எடுக்கக் கற்பதற்கு முன் பார்த்து வாங்கக் கற்க வேண்டும்.

கேமராவைப் பார்க்கப் போகும்போது இரண்டு பொருளைக் கையோடு கொண்டுபோங்கள்: முழுக்க சார்ஜ் ஏற்றிய என்பி-4எல் பேட்டரி ஒன்று, 32 ஜிபிக்கு மேற்படாத மெமரி கார்டு ஒன்று. கேமரா எஸ்டி, எஸ்டிஹெச்சி வகைக் கார்டுகளை ஏற்கும். அதற்கடுத்து வந்த எஸ்டிஎக்ஸ்சி, அதாவது 64 ஜிபியும் அதற்கு மேலும், இதற்கு ஆகாது. விற்பவர் "பேட்டரி இல்லை, அதனால் ஆன் செய்து காட்ட முடியாது" என்றால் உங்களிடம் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். ஆன் செய்து பார்க்காத கேமராவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் சோதனை லென்ஸ். பத்து முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும், ஒரே மாதிரி உள்ளே போக வேண்டும். நடுவில் தயங்குவது, கரகரவென்று அரைபடும் சத்தம், முன்பக்கத்து இரண்டு இதழ் மூடி பாதியில் நிற்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கேமராவின் நாள் எண்ணப்படுகிறது. பிறகு ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஐந்தாறு முறை ஓட்டுங்கள். இரண்டு கோடியிலும் தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று எனப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே விழுந்த கேமராவில் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கியிருக்கும். லென்ஸ் கோணலாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நேராக்குவதற்கு ஆகும் செலவில் வேறு கேமராவே வாங்கிவிடலாம்.

அடுத்தது பூஞ்சை. கடலோர ஊர்களில் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த கேமராக்களுக்கு இதுதான் பெரிய எதிரி. லென்ஸ் வெளியே நிற்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போலவோ, வெள்ளையாகக் கிளை பிரிந்தோ ஏதேனும் தெரிந்தால் பூஞ்சை. ஒன்றிரண்டு தூசித் துகளால் ஒன்றும் ஆகாது. நூல் இருந்தால் வேண்டாம். இவ்வளவு ஒல்லியான லென்ஸைப் பிரித்துத் துடைத்து, திரும்ப அதே மையத்தில் உட்கார வைப்பது எளிதல்ல.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, ஜூமை முழுதாக நீட்டி வெயில் நேரத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. லென்ஸைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு படம் எடுத்தால், பழுதான ஹாட் பிக்சல்கள் சிவப்பு, நீலப் பொட்டுகளாக இருட்டில் மின்னும். ஒன்றிரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேட்டரி அறையின் கதவைத் திறந்து, பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி உடையாமல் இருக்கிறதா, உலோகத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இலேசான பச்சையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து எடுத்துவிடலாம். தகடே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். தேதியைச் சரிசெய்து, பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். தேதி மறந்துபோயிருந்தால் உள்ளே நேரத்தைக் காக்கும் செல் தீர்ந்திருக்கலாம். படத்துக்கு அதனால் குறை இல்லை. ஆனால் பேட்டரியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தேதி வைக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

கேமரா எவ்வளவு உழைத்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்க ஒரு வழி உண்டு. கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து ஒரு படம் எடுங்கள். மெனுவில் படத்தின் எண்ணைத் தொடர் எண்ணாக வைத்திருந்தால், முன்பு விட்ட இடத்திலிருந்தே வரும். 0213 என்று வந்தால் குறைவு, 8700 என்றால் நன்றாக உழைத்த கேமரா. இதை முழுசாக நம்ப வேண்டாம். எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மெனுவில் போய் யாரும் பூஜ்யமாக்கவும் முடியும்.

இக்ஸஸ் 70 கிடைக்காமல் அதைவிடப் பழைய மாடலைப் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஏறத்தாழ 2002 முதல் 2004 வரை விற்ற பல நிறுவனக் கேமராக்களில், சிசிடிக்குள் இருக்கும் இணைப்புகள் வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போயின. திரை கறுத்துப்போகும், அல்லது படம் ஊதா நிறத்தில் கோடு கோடாக இழுபடும். 2005-இல் இது வெளியே தெரிந்து பல நிறுவனங்கள் இலவசமாக மாற்றிக் கொடுத்தன. அந்தச் சலுகைக் காலம் முடிந்து பல வருடமாகிறது. அப்படி ஒரு திரையைக் கண்டால் மேலே விசாரிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கி வந்ததும்

பழைய பேட்டரியை மேசையில் மல்லாக்க வைத்து விரலால் சுண்டுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவே கூடாது. உப்பிய பேட்டரி அறைக்குள் சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. என்பி-4எல் நகல் பேட்டரிகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. 3.7 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அசல் பேட்டரி 760 மில்லி ஆம்பியர் மணி மட்டுமே. இதே அளவுப் பேட்டரியில் 1,800 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். திரையை எரியவிட்டு எடுத்தால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 210 படம். திரையை அணைத்து வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் அதைவிடக் கணிசமாகக் கூடும். கல்யாணம், பயணம் என்று கிளம்பினால் இரண்டாவது பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.

மெனுவில் படத்தின் அளவைப் பெரியதாகவும் தரத்தை சூப்பர்ஃபைன் ஆகவும் வையுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர வேறொன்றும் செய்வதில்லை. முழு அளவுப் படம் 3072-க்கு 2304 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் ஏறத்தாழ 10-க்கு 7.7 அங்குலம்வரை துல்லியமாக அச்சிடலாம். படத்தின் வடிவம் நாலுக்கு மூன்று. ஸ்டூடியோவில் 6-க்கு 4 அங்குலத் தாளில் அச்சிட்டால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டுப்படும். குழுப்படம் எடுக்கும்போது தலைக்கு மேல் இடம் விட்டே எடுங்கள்.

படம் எடுக்கும் முறை

இந்தக் கேமராவில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி லென்ஸில் இல்லை. பலருடைய படங்கள் மங்குவதற்கு முதல் காரணம் இதுதான். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, வ்யூஃபைண்டருக்குப் பக்கத்து விளக்கைப் பாருங்கள். பச்சை நிலைத்து நின்றால் தயார். ஆரஞ்சு மினுக்கினால் வெளிச்சம் போதாது, கை ஆடும் என்று பொருள். மஞ்சள் மினுக்கினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. கொஞ்சம் விலகிப் போய், அல்லது அதே தூரத்தில் உள்ள வேறு ஒன்றை வைத்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டகத்தைத் திருப்புங்கள். ஆரஞ்சு மினுக்கும் இடத்தில் சுவர், மேசை, தூண் எதிலாவது கேமராவை ஊன்றி இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவுகூட அப்போது படத்தில் விழாது.

ஜூம் நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். ஜூம் நீட்டாத அகலக் கோடியில் லென்ஸ் துளையின் அளவு எஃப் 2.8, முழுதாக நீட்டிய நீண்ட கோடியில் எஃப் 4.9 (எண் கூடினால் துளை சிறியது), நீட்டினால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். வீட்டுக்குள் ஜூமைத் தொடாமல், தேவைப்பட்டால் நீங்களே இரண்டடி முன்னே போங்கள். பார்ப்பதற்குச் சின்ன அறிவுரை, மங்கலான படங்களில் பாதியை இது ஒன்றே காப்பாற்றும்.

ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் அளவை, கேமராவின் போக்கில் விடாமல் நீங்களே வையுங்கள். மேனுவல் நிலையில் நான்கு திசைப் பொத்தானின் மேல்பக்கத்தை அழுத்தினால் மாற்றலாம். வெளியில் 80 அல்லது 100, நிழலில் 200, வீட்டுக்குள் 400. 800-க்குப் போனால் முகத்தின் தோல் மணல் தெளித்தது போலாகிவிடும். 1600 அவசரத்துக்கு மட்டும்.

ஃப்ளாஷ் அகலக் கோடியில் மூன்றரை மீட்டர்வரை, நீண்ட கோடியில் இரண்டு மீட்டர்வரைதான் எட்டும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை ஃப்ளாஷ் போட்டு எடுப்பதில் பயனில்லை; முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் வெளுக்கும். பக்கத்தில் நிற்பவர் தெரிந்து பின்னணி கறுத்துப்போனால் ஸ்லோ சிங்க்ரோ (ஃப்ளாஷோடு ஷட்டரையும் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் முறை) வைத்து, கேமராவை ஊன்றிப் பிடித்து எடுங்கள். பின்னால் எரியும் சீரியல் விளக்குகளும் படத்தில் வரும். விரலால் ஃப்ளாஷை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லிக் கேமராவில் விரல் வைக்க இடம் குறைவு என்பதால் இது அடிக்கடி நடக்கிறது.

உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் வெறும் வெள்ளைத் தாளாகப் போய்விடும். சின்ன சென்சாரின் குறை அது, வெளுத்ததைப் பிறகு மீட்க முடியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, -1/3 அல்லது -2/3 என்று குறைத்து வையுங்கள். டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் நிறம் பச்சையடித்தால் வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) கஸ்டமில் பதியலாம். மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோவில் அகலக் கோடியில் 3 சென்டிமீட்டர்வரை நெருங்கலாம். அவ்வளவு பக்கத்தில் ஃப்ளாஷ் போட்டால் லென்ஸின் நிழலே பூவின்மேல் விழும், அதனால் அணைத்துவிடுங்கள். வ்யூஃபைண்டர் இந்தத் தூரத்தில் ஏமாற்றும். அது லென்ஸுக்கு மேலிருந்து பார்க்கிறது, ஆகவே திரையைப் பார்த்தே எடுங்கள்.

சூரியனோ பல்போ சட்டகத்தில் இருந்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு ஊதாக் கோடு ஓடும். கேமரா கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம், சிசிடியின் இயல்பு அது. நிழற்படத்தில் வராது, வீடியோவில் பதிவாகும். வீடியோ 640-க்கு 480, விநாடிக்கு 30 சட்டகம். சின்னத் துணுக்குகளுக்குப் போதும்.

சிசிடி என்பதாலேயே நிறம் அழகாக வருகிறது என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கேமராவுக்குள் நடக்கும் நிறச் செயலாக்கமும், முகத்துக்கு நேரே அடிக்கும் ஃப்ளாஷும் சேர்ந்துதான் அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. நல்ல வெளிச்சத்தில் எடுத்தால்தான் இதன் நிறம் பேசும்.

லென்ஸ் சிக்கிக்கொண்டால்

லென்ஸ் பாதியில் நின்று, பிழைச் செய்தி வந்து, கேமரா தானே அணைந்துவிடும். பெரும்பாலும் காரணம் மணல், சட்டைப் பைப் பஞ்சு, அல்லது பைக்குள்ளேயே ஆன் ஆகி லென்ஸ் துணியை முட்டியது. 19 மில்லிமீட்டருக்குள் மடங்கி உட்கார வேண்டிய லென்ஸை நூலளவு பற்சக்கரங்கள் தள்ளுகின்றன. ஒரு மணல்மணி போதும், மோட்டார் நின்றுவிடும்.

பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரி போட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பலமிழந்த பேட்டரியாலும் லென்ஸ் பாதியில் நிற்பதுண்டு. நகரவில்லை என்றால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய்களுக்கு இடையிலுள்ள சந்தைச் சுற்றி ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். தபால் அட்டையைவிட மெல்லிய தாளை அந்தச் சந்தில் சிறிது நுழைத்து வட்டமாக ஓட்டினால் மணல் வெளியே வரும். கடைசியாக, ஆன் செய்யும்போது பக்கவாட்டில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். லென்ஸைக் கையால் இழுக்காதீர்கள், எண்ணெய் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். எண்ணெய் கண்ணாடியில் படர்ந்துவிடும். உடலைத் திருகிப் பிரிக்கவும் வேண்டாம். ஃப்ளாஷின் கெப்பாசிட்டரில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் முந்நூறு வோல்ட் வரை தேங்கி நிற்கும், தொட்டால் பலமாக அடிக்கும்.

எடுத்த படங்களைப் பார்க்க மட்டும் லென்ஸ் வெளியே வரத் தேவையில்லை. ப்ளேபேக்கில் ஆன் செய்தால் அது உள்ளேயே இருக்கும். அந்தப் பழக்கம் மோட்டாரின் ஆயுளை நீட்டும்.

"கார்டு பூட்டப்பட்டுள்ளது" என்று வந்தால், கார்டின் இடது ஓரத்துச் சின்னத் தாழ்ப்பாள் கீழே இறங்கியிருக்கும். அது உடைந்தே விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தின்மேல் செல்லோ டேப் துண்டு ஒட்டுங்கள், கேமரா ஏற்றுக்கொள்ளும். படங்களை மாற்றக் கார்டு ரீடரே சுலபம். கேமராவைக் கேபிளில் இணைத்தால் பென்டிரைவ் போலத் தனி டிரைவாகத் தெரியாது. அதைக் கோளாறு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் வையுங்கள். கேமராவைத் தோல் உறையில் மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, லென்ஸை நீட்டி வெளிச்சத்தில் வைத்து, ஜூமை நாலு முறை ஓட்டி, இரண்டு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.