கல்லாவில் பிழைக் காசு பார்ப்பது எப்படி

மளிகைக் கடைக் கல்லாவை ராத்திரி எண்ணும்போது, அச்சிலேயே தவறிப்போன காசுகளைத் தனியாக எடுத்து வைப்பேன். நாணயச் சாலைக்குள் நடந்த தவறுக்குத்தான் மதிப்பு. வெளியே வந்தபிறகு நசுங்கியதும் தேய்ந்ததும் வெறும் சேதம்.

முதலில் அச்சுத் திருப்பம், அதாவது ஒரு பக்கத்து அச்சு மறுபக்கத்தோடு நேராக அமையாமல் சுழன்று விழுவது. சிங்கம் நிமிர்ந்து நிற்கும்படி காசின் மேலும் கீழும் விரலை வைத்துப் பிடித்து, அப்படியே இடவலமாகத் திருப்புங்கள். நம் காசில் மறுபக்கமும் நேராக நிற்கவேண்டும். லேசான சாய்வு நிறையவே கிடைக்கும், அதை விடுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஓரம் கடிபட்ட காசு. போன மாதம் 1999-ஆம் வருட ஸ்டீல் 1 ரூபாய் ஒன்று வந்தது, ஓரத்தில் பிறை போல ஒரு குறை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையைத் தொட்டு அடுத்த வட்டத்தை வெட்டினால் பிறை விழும். பிறகு விளிம்பை உருட்டும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் போதாமல் போகும். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும், ராவிய கோடும் தெரியும். எடை 4.85 கிராம் இருக்க வேண்டியது, நகைத் தராசில் 4.51 காட்டியது.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய 2 ரூபாய் ஒன்றை நான் புளி போட்டு விளக்கினேன். அதன் மேல்பரப்பு போனது போனதுதான், இன்றும் வருத்தம்.

விலைக்கு வருவோம். வருடமும் அதன் கீழுள்ள நாணயச் சாலைக் குறியும் காசில் தெரிந்தால் மதிப்பு கூடும். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் அதே மாதிரிக் காசு உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். இரண்டு வியாபாரிகளிடமாவது ‘நீங்கள் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் பிழைக் காசே இல்லை, நினைவு நாணயம். அதற்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது.

வைப்பதற்கு அட்டை உறை போதும். மெல்லிய பிவிசி கவர் வேண்டாம், நாளாக ஆகக் காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.