டீசல் பிக்கப்பின் விசிறிச் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் பிக்கப் வண்டிகளில் பலவற்றில் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருப்பதில்லை. இடையில் விஸ்கஸ் கிளட்ச் ஒன்று, அதாவது கெட்டியான எண்ணெயின் பிடிப்பால் விசிறியைச் சுழற்றும் இணைப்பு, இருக்கிறது. சுழற்சியைக் கடத்தும் அதன் 'வேலை அறை'க்குள் எவ்வளவு சிலிகோன் எண்ணெய் வருகிறதோ, அந்த அளவுக்கே விசிறி எஞ்சினின் வேகத்தை எட்டிப் பிடிக்கும். இதை மனத்தில் கொள்ளாமல் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பதால்தான் நல்ல கிளட்ச் கழற்றப்படுகிறது, கெட்டுப்போனது வண்டியிலேயே இருந்துவிடுகிறது.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் எழும் இரைச்சலைப் பழுதென்று கருத வேண்டாம். நின்ற நிலையில் எண்ணெய் வேலை அறைக்குள் வடிந்திருக்கும். ஓரிரு நிமிட ஓட்டத்தில் அது வெளியேறிச் சத்தம் அடங்கிவிடும். எஞ்சின் சூடேறி, சுமையின்றிச் சமதளத்தில் ஓடும்போதும் இரைச்சல் ஓயாமலிருந்தால்தான் கிளட்ச் இறுகிவிட்டதோ என்று ஐயப்பட வேண்டும்.

வெப்பமானியின் முள் நடுவில் நிற்கும்போது விசிறி ஏன் இரைகிறது என்று கேட்டு, கூலன்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றுவோர் பலர். சாதாரண விஸ்கஸ் கிளட்சின் முகப்பிலுள்ள பைமெட்டல் சுருள் (வெப்பத்தில் வளையும் ஈருலோகச் சுருள்) கூலன்டின் வெப்பத்தை நேரடியாக உணர்வதில்லை. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் வெப்பத்தையே உணர்கிறது. அந்தக் காற்றோ ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரையும், பல வண்டிகளில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் தாண்டி, ஏற்கெனவே சூடாகித்தான் வருகிறது. மின்னணுக் கட்டுப்பாடுள்ள கிளட்சுகளிலோ ஏசியின் அழுத்தம், கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பம் போன்றவற்றையும் பார்த்தே கணினி விசிறியை முடுக்குகிறது. போதாக்குறைக்கு, பல புதிய வண்டிகளில் கூலன்டின் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடியே அமைத்திருக்கிறார்கள். ஆகவே டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது விசிறி உறுமுவது அதன் கடமையே. அப்போது அது மௌனமாக இருந்து முள் மேலே ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைத்து, ஐடிலில் விசிறியைச் சோதிப்பதும் ஏமாற்றத்தையே தரும். சுமையில்லாத டீசல் எஞ்சின் மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குவதால், கிளட்ச் பிடிக்கும் நிலையே வராமல் போகலாம். சுருட்டிய செய்தித்தாளைச் சுழலும் விசிறிக்குள் நுழைத்துப் பார்க்கும் பழைய வித்தை விரலுக்கும் இறக்கைக்கும் ஆபத்தானது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்தபின், விசிறியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். கிளட்சைச் சுற்றித் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருந்தால் கசிவு என்று கொள்ளலாம். மின்விசிறியும் உள்ள வண்டிகளில், எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையை நுழைக்கும் முன் கவனம் தேவை.

விசிறி ஓயாமல் ஓடுவதற்குப் பல நேரங்களில் அடைபட்ட காற்று வழியே காரணம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் படியும் பூச்சியும் மண்ணும் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. அதை மிகுந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று மேலும் அடைபடும். விசிறியைச் சூழ்ந்த உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் இதே தீங்கைச் செய்யும். உறையில்லாத விசிறி ரேடியேட்டர் வழியே இழுக்க வேண்டிய காற்றை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

கழற்றிய கிளட்சைத் தரையில் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்தபடியே நிமிர்த்தி வைப்பது நல்லது. படுக்க வைத்தால் எண்ணெய் இடம் மாறவோ கசியவோ கூடும்.