சூரியக் குடும்பத்தின் தோற்றக் கோட்பாடுகளைச் சோதித்துப் படிப்பது எப்படி?

சூரியனும் பூமியும் பிற கோள்களும் எப்படி உருவாயின என்பதை விளக்க, கடந்த 270 ஆண்டுகளில் பல கோட்பாடுகள் வந்தன, பல போயின, போனவற்றுள் ஒன்று திருத்தங்களுடன் திரும்பியும் வந்தது. எந்த ஆண்டில் யார் என்ன சொன்னார் என்று வரிசையாக மனப்பாடம் செய்தால் தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கலாம்; ஒன்று ஏன் நின்றது, மற்றொன்று ஏன் விழுந்தது என்பது விளங்காது. அதற்கு வேறொரு வழி உண்டு. எந்தக் கதையும் பதில் சொல்லியே ஆக வேண்டிய உண்மைகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கோட்பாட்டையும் அந்தத் தாளின் முன் நிறுத்திக் கேள்வி கேட்பதே அந்த வழி. மாணவரும் ஆசிரியரும் ஆர்வத்தால் படிப்பவரும் பெருக்கல் தெரிந்தால் போதும், இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் உண்மைகளை எழுதுங்கள்

எட்டுக் கோள்களும் சூரியனை ஒரே திசையில் சுற்றுகின்றன. அவற்றின் பாதைகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைந்துள்ளன. மிகுதியாக விலகி நிற்கும் புதனின் பாதைகூடப் பூமியின் பாதைத் தளத்துக்கு 7 பாகைதான் சாய்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் நான்கு கோள்கள் பாறையும் இரும்புமாக, உருவத்தில் சிறியனவாக உள்ளன. வெளியே இருக்கும் நான்கும் வாயுவும் பனியும் நிறைந்த பெருங்கோள்கள். மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கு மேல் சூரியனிடம் இருக்கிறது. சுழற்சியின் அளவான கோண உந்தமோ பெரும்பாலும் கோள்களிடம் இருக்கிறது. உருகி மாறாத பழைய விண்கற்களில், சூரியக் குடும்பத்திலேயே திரண்ட மிகப் பழைய துகள்களின் வயது சுமார் 456 கோடி ஆண்டுகளை ஒட்டியே வருகிறது.

எதை இந்தத் தாளில் எழுதக் கூடாது என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுவது நல்லது. வெள்ளி எதிர்த் திசையில் தன்னைத்தானே சுற்றுவது, யுரேனசின் அச்சு 98 பாகை சாய்ந்து கிடப்பது ஆகியவை உண்மைகளே. ஆனால் அவை கோள்கள் உருவான பின் நேர்ந்த மோதல்களாலும் ஈர்ப்பு விளைவுகளாலும் வந்திருக்கக்கூடியவை. மூலக் கோட்பாடு இவற்றை நேரடியாக விளக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. பொதுவான அமைப்பையும் தனிப்பட்ட விபத்தையும் பிரிக்காமல் விட்டதால்தான் இத்துறையில் பல விவாதங்கள் வீணாக நீண்டன என்பது என் கருத்து.

அடுத்து, கோட்பாடுகளை இரு பிரிவாகப் பிரியுங்கள்

எத்தனை பெயர்கள் இருந்தாலும், சூரியனும் கோள்களும் வாயுவும் தூசியும் கலந்த ஒரே முகிலிலிருந்து ஒரே நிகழ்வில் பிறந்தன என்பவை ஒரு பிரிவு; சூரியன் முன்னமே இருந்தது, ஒரு விபத்தால் கோள்கள் பின்னர் வந்தன என்பவை மறு பிரிவு. இம்மானுவேல் கான்ட் 1755இலும் பியர் சிமோன் லாப்லாஸ் 1796இலும் முன்வைத்த நெபுலாக் கருதுகோள் (நெபுலா என்றால் முகில்) முதல் பிரிவைச் சேர்ந்தது. ஒரு வால்மீன் சூரியனில் மோதிச் சிதறிய பொருளே கோள்களாயிற்று என்று 1749இல் புஃபோன் சொன்னதும், அருகில் கடந்துபோன ஒரு விண்மீன் சூரியனிலிருந்து பொருளை இழுத்துவிட்டது என்று 1905 வாக்கில் சேம்பர்லினும் மூல்டனும், அதன் பின் ஜீன்சும் ஜெஃப்ரிசும் சொன்னதும் இரண்டாவது பிரிவு.

இப்படிப் பிரிப்பதன் பயன், இரண்டும் முற்றிலும் வெவ்வேறான முன்கணிப்புகளைத் தருகின்றன என்பதே. விண்மீன்களுக்கிடையே உள்ள தொலைவு மிகப் பெரியது. இரண்டு விண்மீன்கள் உரசிப் போவது அரிதிலும் அரிது. ஆகவே விபத்துக் கோட்பாடு சரியென்றால் கோள்களை உடைய விண்மீன்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்க வேண்டும். முகில் கோட்பாடு சரியென்றால் கோள்கள் எங்கும் நிறைந்திருக்க வேண்டும்.

கோண உந்தத்தைக் கையால் கணக்கிடுங்கள்

இந்த வேலையில் மிகவும் பலன் தருவது இந்தப் படிதான். ஆகவே அவசரப்பட வேண்டாம். சுற்றி வரும் ஒரு கோளின் கோண உந்தம் என்பது அதன் நிறை, வேகம், தொலைவு ஆகிய மூன்றின் பெருக்கம். சூரியனின் நிறையை 1 என்று கொண்டால் வியாழனின் நிறை 1,047இல் ஒரு பங்கு. அதன் வேகம் நொடிக்கு சுமார் 13 கிலோமீட்டர். சூரியனிலிருந்து அதன் தொலைவு சுமார் 77.8 கோடி கிலோமீட்டர். 77.8 கோடியை 13ஆல் பெருக்கி 1,047ஆல் வகுத்தால் ஏறத்தாழ 97 லட்சம் வருகிறது.

இப்போது தன்னைத்தானே சுற்றும் சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரம் சுமார் 6.96 லட்சம் கிலோமீட்டர். நடுக்கோட்டில் மேற்பரப்பின் வேகம் நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர். சூரியனின் நிறை மையத்தில் மிகவும் செறிந்திருப்பதால், இந்தப் பெருக்கத்தை மேலும் 0.07 என்ற காரணியால் பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 97 ஆயிரம். அதாவது, நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வியாழன், சூரியனைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு கோண உந்தத்தை வைத்திருக்கிறது. அந்த 0.07இல் ஐயம் இருப்பவர்கள், சீரான அடர்த்தியுள்ள கோளத்துக்கு உரிய 0.4ஐப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் வியாழன் 17 மடங்கு முன்னால் நிற்கும். சனியையும் இதே முறையில் கணக்கிட்டால் இன்னொரு 40 லட்சம் கிடைக்கும்.

இந்த ஒரு கணக்குதான் லாப்லாசின் மூல வடிவத்தை வீழ்த்தியது. சுருங்கிக்கொண்டே வந்த முகில், வேகம் கூடக்கூட வளையம் வளையமாகப் பொருளைக் கழற்றிவிட்டது என்றால், கடைசியில் எஞ்சிய சூரியன் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல வேண்டும். உண்மையில் அதன் நடுக்கோடு ஒரு சுற்றுக்கு சுமார் 25 நாள் எடுத்துக்கொள்கிறது. (வளையங்கள் கழன்று நிற்கும் அந்தப் படத்தைப் பாடநூல்கள் இன்றும் விடாமல் அச்சிடுகின்றன, படம் அழகாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை.)

விபத்துக் கோட்பாடு செல்வாக்குப் பெற்றது இந்தச் சிக்கலால்தான். ஆனால் அதே கணக்கை அதன் மீதும் போட வேண்டும். சூரியனை நெருங்கிக் கடக்கும் விண்மீன் இழுத்தெடுக்கும் பொருளுக்கு, வியாழன் இருக்கும் தொலைவில் சுற்றத் தேவையான கோண உந்தம் கிடைக்காது என்று ஹென்றி நோரிஸ் ரசல் 1935இல் காட்டினார். சூரியனின் உட்பகுதியிலிருந்து வரும் கொதிக்கும் வாயு திரண்டு கோளாகாது, சிதறித்தான் போகும் என்று லைமன் ஸ்பிட்சர் 1939இல் காட்டினார். முகில் கோட்பாடு திரும்பி வந்தது அதன் பிறகே. இளம் சூரியனின் காந்தப்புலம் சுற்றியிருந்த வாயுவும் தூசியுமான தட்டை வட்டத்தைப் பற்றிக்கொண்டு சுழற்சியை வெளியே கடத்தியது என்ற விளக்கத்தை ஆல்ஃப்வேனும் பின்னர் ஹாய்லும் வளர்த்தார்கள். சூரியக் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சூரியனின் சுழற்சியைக் குறைத்து வந்திருக்கிறது.

வயது சொல்லப்பட்டால், எதன் வயது என்று கேளுங்கள்

பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கிளேர் பேட்டர்சன் வெளியிட்ட கணிப்பு, முதன்மையாக விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை) அளந்து பெறப்பட்டது. அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயப்ளோ இரும்பு விண்கல்லும் அவற்றுள் ஒன்று. பூமியின் தொடக்ககாலப் பாறைகள் உருகியும் அரிக்கப்பட்டும் போய்விட்டதால் நேரடிச் சான்று இங்கே கிடைப்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் படிகங்களுள் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டுகள். இது அந்தப் படிகத்தின் வயது, பூமியின் வயதன்று.

இன்னும் பின்னே போக வேண்டுமானால், 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் விழுந்த ஆயெண்டே விண்கல்லைப் பார்க்க வேண்டும். அதன் வெட்டுமுகத்தின் நிழற்படம் இணையத்தில் எளிதில் கிடைக்கும். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறப் பின்னணியில் மிளகளவும் அதனினும் சிறியவுமான உருண்டைகள் நிறையத் தெரியும். இடையிடையே ஒழுங்கற்ற வடிவில் வெண்ணிறத் திட்டுகள் இருக்கும். அந்த வெண்திட்டுகள் கால்சியமும் அலுமினியமும் செறிந்த கனிமங்களால் ஆனவை. வெப்ப வாயு குளிரும்போது முதலில் திடமாகக் கூடியவை. இத்தகைய திட்டுகளின் வயது 456.7 கோடி ஆண்டுகள் என்று அளக்கப்பட்டுள்ளது. சூரியக் குடும்பத்தின் வயது என்று நூல்கள் சொல்லும் எண் இதுதான்.

அதே திட்டுகளில் மெக்னீசியம்-26 வழக்கத்துக்கு மேல் இருப்பதை 1976இல் கண்டறிந்தார்கள். அது அலுமினியம்-26 சிதைந்ததால் வந்தது. அந்த ஐசோடோப்பின் அரை ஆயுள்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள்தான். ஆகவே கல் திரண்டபோது அந்த அலுமினியம் அண்மையில் உருவானதாக இருந்திருக்க வேண்டும். சிறு பொருள்களை உள்ளிருந்தே உருக்கும் வெப்பத்தையும் அது தந்தது. ஹாஃப்னியத்தின் ஓர் ஐசோடோப்பு சிதைந்து டங்ஸ்டனாவதை வைத்துக் காலம் அளக்கும் ஹாஃப்னியம்-டங்ஸ்டன் கடிகாரம் வேறொன்றைச் சொல்கிறது: டங்ஸ்டன் இரும்போடு சேர்ந்து உள்ளே இறங்கும், ஹாஃப்னியம் பாறையிலேயே தங்கும் என்பதால், பூமியின் இரும்புக் கரு பிரிந்து முடியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின என்பது அதிலிருந்து தெரிகிறது.

இந்த எண்களை ஒரு காலக் கோட்டில் குறித்தால் ஒரு கட்டுப்பாடு தானே வெளிப்படும். இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயு வட்டங்கள் பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டுகளுக்குள் கலைந்துவிடுகின்றன. வியாழனும் சனியும் அதற்குள் வாயுவைச் சேர்த்து முடித்திருக்க வேண்டும். பூமியோ அதன் பிறகும் மோதல்களால் வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாக் கோள்களும் ஒரே வேகத்தில் வளர்ந்ததாகச் சொல்லும் எந்த விளக்கமும் இங்கே தோற்றுவிடும்.

தூசி கோளாகும் வழியில் எங்கே ஓட்டை என்று தேடுங்கள்

பூமியின் தொலைவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு அப்பால் நீர் பனியாக உறையும் என்பதால், அங்கே திடப்பொருள் மிகுதி. அதனால் பெரிய கருக்கள் விரைவில் திரண்டு வாயுவையும் இழுத்துக்கொண்டன. உள்ளே பாறையும் உலோகமும் மட்டும் திடமாக நின்றன. இது எளிதில் விளங்கும் பகுதி. சிக்கல் ஒரு மீட்டர் அளவில் வருகிறது. வாயு தன் அழுத்தத்தால் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கற்கள் அதைவிட வேகமாகச் செல்ல முயல்வதால், எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவரைப் போல் வேகத்தை இழந்து சூரியனை நோக்கிச் சரிகின்றன. சஃப்ரோனோவ் 1969இல் கோள் வளர்ச்சிக்குக் கணித அடித்தளம் இட்ட பிறகும் இந்த ஓட்டை நெடுநாள் அடைபடவில்லை. கற்களின் கூட்டம் வாயுவோடு வினைபுரிந்து தானே அடர்ந்து, ஈர்ப்பால் ஒரேயடியாகச் சுருங்கலாம் என்று யூடினும் குட்மனும் 2005இல் காட்டியது இன்று பலரும் ஏற்கும் விடை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று கடந்துசென்ற, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சிறு பொருளான அரோகோத், இரண்டு பகுதிகள் மெல்லத் தொட்டு ஒட்டிய வடிவில் இருப்பது இதற்கு இசைவானது.

பயிற்சிக்கு நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள்

இதே முறையைச் சிறிய அளவில் பழக நிலா ஏற்றது. பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம், நிலாவினது 3.34 கிராம், ஆகவே நிலாவில் இரும்பு குறைவு. பூமியிலிருந்தே நிலா பிய்ந்து போனது என்று ஜார்ஜ் டார்வின் 1879இல் சொன்னதைக் கோண உந்தத்தால் சோதியுங்கள்: இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கினால் ஒரு நாள் நான்கு மணி நேரம் அளவுக்குக் குறையும், பூமி பிய்ந்து போக அந்த வேகம் போதாது. செவ்வாய் அளவுள்ள ஒரு பொருள் மோதியது என்ற விளக்கம், 1975இல் ஹார்ட்மனும் டேவிசும் முன்வைத்த பெருமோதல் கருத்திலிருந்து வளர்ந்தது. இது அடர்த்தி, கோண உந்தம் இரண்டுக்கும் பதில் தருகிறது. பூமிக்கும் நிலாவுக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதை அது எளிதில் விளக்கவில்லை; இன்றைய விவாதம் அங்கேதான் நடக்கிறது. நிலா தொடக்கத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற பகுதிக்கு, 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி தென்முனைப் பக்கத்து மண்ணில் அளந்த தனிமச் சேர்க்கை வலுச் சேர்த்தது.

பிற விண்மீன்களின் சாட்சியம்

மேயரும் கெலோவும் 1995இல் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்த பிறகு இதுவரை 5,000க்கும் மேற்பட்ட வெளிக்கோள்கள் உறுதியாகியுள்ளன. கோள்கள் அரிது என்ற விபத்துக் கோட்பாட்டின் முன்கணிப்பு இதனால் பொய்த்தது. ஆனால் 51 பெகாசியின் அந்தக் கோளே வென்ற தரப்புக்கும் தொல்லை கொடுத்தது: வியாழனில் பாதி நிறையுள்ள அது, தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றுகிறது. அவ்வளவு வெப்பமான இடத்தில் அது பிறந்திருக்க வாய்ப்பு குறைவு. கோள்கள் பிறந்த இடத்திலிருந்து நகரும் என்பதைக் கோட்பாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் பெருங்கோள்களும் இடம் மாறின என்று சொல்லும் 2005ஆம் ஆண்டின் நீஸ் மாதிரி இந்த வழியில் வந்தது.

இனி ஒரு புதிய அளவீடு கோட்பாட்டையே தகர்த்துவிட்டது என்று செய்தி வந்தால், எந்தக் கூற்று அடிபட்டது என்று பிரித்துப் பாருங்கள். ஜூனோ விண்கலம் வியாழனின் ஈர்ப்பை அளந்தபோது, அதன் கரு தெளிவான எல்லையின்றி வெகுதூரம் கரைந்து பரவியிருப்பது தெரிந்தது. கருவின் மேல் வாயு கவிந்தே வியாழன் உருவாயிற்று என்ற கூற்றை அது வீழ்த்தவில்லை. அந்தக் கரு இன்றும் இறுகிய உருண்டையாக அப்படியே இருக்கும் என்ற எதிர்பார்ப்பையே வீழ்த்தியது.