இதய ஆய்வு: ஒருங்கிணைப்பாளர் மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதய ஆய்வுக்கு ஆள் சேர்த்தால் முதல் குழப்பம் பெயரில்தான் வரும். நகரத்தார் வீடுகளில் ஐயா பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் வைப்பது வழக்கம். ஒரே பட்டியலில் மூன்று வள்ளியம்மை, நான்கு லெட்சுமணன் வருவார்கள். சில வேளை இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். பெயரை நம்பிக் கோப்பில் சேர்த்தால் ஒருவருடைய ஈசிஜி இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். சேரும் அன்றே ஆய்வு எண் கொடுங்கள். ரத்தம் சேகரிக்கும் குழாய், ஈசிஜி தாள், பிபி படிவம் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியாக, பூட்டிய அலமாரியில். குழாய்களுக்கு முன்கூட்டியே லேபிள் ஒட்டி வைக்காதீர்கள்: வரிசையில் ஒருவர் காபிக்கு எழுந்துபோனால் போதும், பின்னால் உள்ளவர்கள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போவார்கள். ரத்தம் எடுத்த கையோடு, ஆள் எதிரில் இருக்கும்போதே, பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி ஒட்டுவதே சரி.

அடுத்தது ஐஸ் பெட்டி. முகாமில் எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸில் வைத்து மதுரைக்கு அனுப்புவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். பிரிக்காத ரத்தம் குளிர்ந்தால் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, அளவு பொய்யாக ஏறும். இதய மருந்து சாப்பிடுபவருக்கு அந்த எண்ணைப் பார்த்து மருந்தையே நிறுத்திவிடும் அபாயம் உண்டு. வெளியில் வைத்தாலோ, சாதாரணக் குழாயில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஜெல் குழாயை (அணுக்களைத் தனியே பிரித்து நிறுத்தும் ஜெல் உள்ள குழாய்) அரை மணி நேரம் நிற்க வைத்து உறையவிட்டு, முகாமிலேயே சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் கருவியில் சுற்றி, பிறகுதான் குளிரூட்ட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜ் இல்லாத இடத்தில் பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுக்காமல் இருப்பதே மேல்.

கூட்டம் சேர்ந்தால் முதலில் பலியாவது பிபி பார்க்கும் முன் உட்கார வைக்கும் ஐந்து நிமிடம். காபியோ புகையிலையோ எடுத்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். படிவம் முழுக்க 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ தோராயமாக எழுதுகிறார் என்று பொருள்.

தைப்பூசத்தை ஒட்டி மறுபரிசோதனைத் தேதி போடாதீர்கள். பழனிக்கு நடந்து போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். திரும்பிய மறுநாள் பார்க்கும் நாடித்துடிப்பும் வழக்கமானதாக இருக்காது.

ஒப்புதல் படிவம் திருத்தப்பட்டு நெறிமுறைக் குழு அனுமதித்த அன்றே பழைய பிரதிகளை எடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வைச் சேராத சாட்சி ஒருவர் முழு உரையாடலின்போதும் உடன் இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது செல்லாது.

புதிய மருந்து ஆய்வு என்றால், பங்கேற்பாளர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி வெள்ளி இரவு வந்தாலும் திங்கள் வரை வைக்காதீர்கள். 2019 புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி தலைமை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். தாமதித்தால் காரணம் எழுதித் தர வேண்டும். காரணம் இதய நோயா வேறா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையல்ல. போனை எடுத்துத் தலைமை ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.