நெவாடாவில் சிறு சுரங்கக் கிளெய்ம்: ஆண்டுக் காகிதங்களைக் கெடு தவறாமல் முடிப்பது எப்படி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், எஸ்மரால்டா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) எனக்கும் ஒரு நண்பர் குடும்பத்துக்கும் கூட்டாக இரண்டு சுரங்கக் கிளெய்ம்கள், அதாவது அரசு நிலத்தில் எல்லை குறித்துக் கனிமம் எடுக்கும் உரிமைகள், இருக்கின்றன. பார்ப்பதற்கு வெறும் புதரும் பாறையும்தான். பாறை வெடிப்புகளில் நூல் போல ஓடும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லுக்காக விடுமுறை நாட்களில் உளியும் சுத்தியலுமாகப் போய்வருகிறோம். புதிதாகக் கிளெய்ம் எடுத்தவர்கள் என்னிடம் வந்தால் பாறையைப் பற்றிக் கேட்பதில்லை. "ஆண்டுதோறும் என்ன காகிதம் அனுப்ப வேண்டும், எப்போது, யாருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கல் எங்கும் ஓடிவிடாது. காகிதம் ஒரு நாள் தவறினால் அந்தக் கல்லின் மேல் நமக்கிருந்த உரிமை போய்விடும்.

இங்கே நான் எழுதுவது பத்து கிளெய்முக்கு மேல் இல்லாத சிறு உரிமையாளர்களுக்காக. நிலம் அமெரிக்க மத்திய அரசுடையது. அதை நிர்வகிப்பது நில மேலாண்மைப் பணியகம், எல்லோரும் சொல்வது போல பி.எல்.எம். 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, கனிமத்தைக் கண்டுபிடித்து முறைப்படி மூலைக் கம்பங்களால் எல்லை நட்டவருக்கு அதை எடுக்கும் உரிமை கிடைக்கிறது. நிலம் நமக்குச் சொந்தமாவதில்லை. முன்பு பட்டா வாங்கும் வழி இருந்தது. 1994 முதல் புதிய பட்டா விண்ணப்பங்களை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறுத்திவைத்திருக்கிறது. ஆகவே நம் கையில் இருப்பது ஆண்டுக்காண்டு உயிர் கொடுக்க வேண்டிய உரிமை.

முதலில் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நெவாடாவில் லாக் என்ற குடும்பம் 1960களில் பத்து கிளெய்ம்களை விலைக்கு வாங்கி, கட்டுமானத்துக்கான மணலும் சரளைக்கல்லும் எடுத்துப் பிழைத்துவந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக் காகிதத்தை "டிசம்பர் 31க்கு முன்" தாக்கல் செய்யச் சொல்கிறது. ஈலி ஊரில் இருந்த அலுவலகத்தில் அந்தக் குடும்பத்தின் மகள் விசாரித்தபோது, டிசம்பர் 31 வரை தரலாம் என்று பதில் கிடைத்தது. காகிதத்தைக் கொடுக்க வேண்டிய பி.எல்.எம் மாநில அலுவலகம் ரினோவில் இருந்தது. ஈலியிலிருந்து அங்கே போகவரச் சுமார் 700 மைல். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய் 1980 டிசம்பர் 31 அன்று கையோடு காகிதத்தைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது: ஒரு நாள் தாமதம், பத்து கிளெய்மும் செல்லாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1985இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சாதாரண சரளைக்கல்லுக்குப் புதிதாகக் கிளெய்ம் எடுக்க 1955லிருந்தே சட்டம் இடம் தருவதில்லை. அதனால் அதே இடத்தில் மறுபடி எல்லை நடவும் வழியில்லாமல் போயிற்று.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. காகிதத்தை முன்கூட்டியே அனுப்ப எனக்கு வேறு காரணம் தேவைப்பட்டதில்லை.

படி 1: பணமா, உழைப்பா என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். பராமரிப்புக் கட்டணம் கட்டலாம். அல்லது சிறு சுரங்க உரிமையாளர் என்ற முறையில் கட்டண விலக்கு கேட்கலாம்.

கட்டணம் 2024 செப்டம்பரிலிருந்து ஒரு லோட் கிளெய்முக்கு 200 டாலர். அதற்கு முன் 165 ஆக இருந்தது. லோட் என்பது பாறையில் ஓடும் கனிமத்துக்கானது. ஆற்று மணலிலும் சரளையிலும் கிடக்கும் தங்கம் போன்றவற்றுக்கான பிளேசர் கிளெய்மாக இருந்தால் ஒவ்வொரு 20 ஏக்கருக்கும் 200 டாலர், 20 ஏக்கருக்குக் குறைவாக மிஞ்சும் பகுதிக்கும் அதே 200 டாலர்.

விலக்கு வேண்டுமென்றால் நீங்களும் உங்களைச் சார்ந்தவர்களும் நாடு முழுவதும் சேர்த்துப் பத்து கிளெய்முக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சார்ந்தவர்கள் என்றால் கணவன் அல்லது மனைவி, உங்களை நம்பி வாழும் பிள்ளைகள், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள். மனைவி பெயரில் ஆறு, கணவர் பெயரில் ஐந்து என்றிருந்தால் விலக்கு கிடையாது. கட்டணம் இல்லாததற்கு ஈடாக ஒவ்வொரு கிளெய்முக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 100 டாலர் மதிப்புள்ள வேலை நடக்க வேண்டும். அந்த 100 டாலர் 1872இல் எழுதப்பட்ட தொகை, இன்றுவரை மாறவில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஆண்டில் ஓரிரு நாளாவது இடத்துக்குப் போக முடிகிறவர்கள் விலக்கு கேளுங்கள். போக முடியாதவர்கள் 200 டாலரைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் கையெழுத்திடுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

படி 2: வேலை ஆண்டைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வேலை ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கி அடுத்த செப்டம்பர் 1 அன்று முடிகிறது. விலக்குப் படிவம் வரப்போகும் ஆண்டுக்கானது. விலக்கு பெற்றவர்கள் செய்த வேலையை உறுதிசொல்லி டிசம்பரில் தரும் பிரமாணப் பத்திரம் முடிந்துபோன ஆண்டுக்கானது.

எங்கள் கிளெய்மையே எடுத்துக்கொள்வோம். 2026 செப்டம்பர் 1க்குள் நாங்கள் தரும் விலக்குப் படிவம், அன்று தொடங்கி 2027 செப்டம்பர் 1 வரை நீளும் ஆண்டுக்கு. அந்த ஆண்டில் செய்யும் வேலைக்கான பிரமாணப் பத்திரத்தின் கெடு 2027 டிசம்பர் 30. ஆனால் 2026 டிசம்பர் 30க்குள்ளும் ஒரு பத்திரம் தந்தாக வேண்டும். அது 2025 செப்டம்பர் முதல் 2026 செப்டம்பர் வரை செய்த வேலைக்கு. இதை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

படி 3: வேலையைச் செய்யுங்கள், அன்றன்றே எழுதுங்கள்

கனிமத்தை எடுக்கவோ கிளெய்மை மேம்படுத்தவோ உதவும் உழைப்பு எல்லாம் கணக்கில் சேரும்: குழி தோண்டுதல், பழைய பள்ளத்தைச் சுத்தம் செய்தல், துளையிடுதல், மாதிரி எடுத்தல், கிளெய்முக்குப் போகும் பாதையைச் சீராக்குதல். வீட்டிலிருந்து அங்கே போகும் பெட்ரோல் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் இதில் சேர்க்காதீர்கள். நிலவியல் ஆய்வைக் கணக்கில் காட்டலாம் என்றாலும், தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கூடாது, ஒரு கிளெய்முக்கு மொத்தம் ஐந்து ஆண்டுக்கு மேலும் கூடாது. தகுதி பெற்ற வல்லுநர் செய்து அறிக்கையும் பதிவாக வேண்டும். கிளெய்ம்கள் ஒட்டி ஒட்டி இருந்து, ஒன்றில் செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் பயன்படுமானால், மொத்த வேலையையும் ஒரே இடத்தில் செய்யலாம். எங்கள் இரண்டும் ஒட்டியே இருப்பதால் 200 டாலர் வேலையை ஒரே பள்ளத்தில் முடிக்கிறோம்.

என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "மே 16, சனி. காலை 8 முதல் மதியம் 1 வரை. இருவர். வடகிழக்கு மூலையிலிருந்து தெற்கே 40 அடியில் உள்ள பள்ளத்தில் சரிந்த மண்ணை அள்ளினோம். மூன்று மாதிரிகள் எடுத்தோம். மணிக்கு 20 டாலர் வீதம் 10 மணி நேர உழைப்பு, 200 டாலர்." அதோடு இரண்டு புகைப்படம், அள்ளுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. இந்தக் குறிப்பை யாரும் கேட்பதில்லை. ஆனால் டிசம்பரில் பிரமாணப் பத்திரம் எழுத உட்காரும்போது தேதியும் மணிக்கணக்கும் நினைவில் இருக்காது. வேறொருவர் அதே இடத்தில் எல்லை நட்டு வழக்காடினால், அன்றைக்கு நமக்குத் துணை நிற்பதும் இந்தப் பக்கம்தான்.

கைக்கருவிகளோடு நிற்கும் வரை பெரும்பாலும் முன்னறிவிப்பு வேண்டாம். மண் அள்ளும் இயந்திரம் கொண்டுபோவதாக இருந்தால் குறைந்தது 15 நாள் முன்பே பி.எல்.எம்-க்கு அறிவிப்புக் கொடுத்து, நிலத்தை மீட்டெடுப்பதற்கான பிணைத்தொகையும் கட்ட வேண்டும். வேலைக் கணக்கைக் காட்டுவதற்காக அவசரப்பட்டு இயந்திரத்தை இறக்கிவிடாதீர்கள்.

போன கையோடு மூலைக் கம்பங்களையும் பாருங்கள். நெவாடாவில் ஒரு காலத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, மேல்முனையை மூடாமல் விட்டுவிடுவார்கள். கூடு தேடும் சிறு பறவைகள் உள்ளே இறங்கும். வழுக்கும் சுவரில் ஏற முடியாமல், சிறகையும் விரிக்க முடியாமல் அங்கேயே செத்துப்போகும். கைவிடப்பட்ட ஒரு கிளெய்மின் குழாயை நான் ஒருமுறை பிடுங்கிச் சாய்த்தபோது, உலர்ந்த இறகும் தீக்குச்சி அளவு எலும்புகளும் கொட்டின. கையில் ஒரு பிடி இருந்தது. எத்தனை பறவைகள் என்று எண்ண முடியவில்லை. இன்று நெவாடா சட்டம் அப்படிப்பட்ட குழாயை அனுமதிப்பதில்லை. 2011 நவம்பரிலிருந்து, யார் வேண்டுமானாலும் அதைப் பிடுங்கி அதே இடத்தில் தரையில் படுக்கவைக்கலாம். உங்கள் கம்பங்கள் திறந்த குழாய்களாக இருந்தால் இந்தப் பயணத்திலேயே மாற்றிவிடுங்கள்.

படி 4: செப்டம்பர் 1க்குள் விலக்குப் படிவம்

படிவத்தின் எண் 3830-2. கிளெய்மின் பெயர், பி.எல்.எம் தந்த வரிசை எண், எல்லா உரிமையாளர்களின் பெயர், முகவரி, கையெழுத்து ஆகியவற்றைக் கேட்கும். பணியகம் புதிய கணினி முறைக்கு மாறியபோது பழைய வரிசை எண்களுக்குப் பதில் புது எண்கள் தரப்பட்டிருக்கின்றன. பழைய காகிதத்தைப் பார்த்து எழுதாமல் இணையத்தில் உங்கள் கிளெய்மைத் தேடி, எண்ணைச் சரிபாருங்கள்.

கையெழுத்து விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. முதல் ஆண்டு நானும் நண்பரும் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம். உரிமையாளர் பட்டியலில் நண்பரின் மனைவியும் இருக்கிறார் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. குறை இருப்பதாகக் கடிதம் வந்தது. திருத்தி அனுப்பவோ கட்டணத்தைக் கட்டவோ 60 நாள் கெடு. அன்று மாலையே மூவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். கெடுவுக்குள் வந்துசேர்ந்த படிவத்தில் உள்ள குறையைத் திருத்த வழி உண்டு. கெடு கடந்து வந்த படிவத்துக்கு அந்த வழி இல்லை. இன்னொன்று, அந்தக் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். வீடு மாறினால் முதல் வேலையாகப் பி.எல்.எம்-க்குத் தெரிவியுங்கள்.

தபாலில் அனுப்பினால் கெடு நாளிலோ அதற்கு முன்போ தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். அதோடு கெடுவிலிருந்து 15 நாளுக்குள் மாநில அலுவலகத்துக்குப் போய்ச்சேரவும் வேண்டும். நெவாடாவுக்கான அலுவலகம் ரினோவில் இருக்கிறது. நான் ஜூலை கடைசியிலேயே வேலையை முடித்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிவிடுகிறேன்.

படி 5: கவுண்டி, பிறகு மறுபடி பி.எல்.எம்

செப்டம்பர் பிறந்ததும் பிரமாணப் பத்திரம் எழுதுங்கள். கிளெய்மின் பெயரும் எண்ணும், எந்தக் கவுண்டியில் எந்தப் பதிவில் உள்ளது, என்ன வேலை, எந்தத் தேதிகளில், என்ன மதிப்பு, யார் செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். குறிப்பேடு பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை.

நெவாடாவில் இதை நவம்பர் 1க்குள் கவுண்டி பதிவாளரிடம் பதிய வேண்டும். மற்ற மாநிலங்களில் தேதி வேறு. உங்கள் கவுண்டியில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டி விலக்கு கேட்காதவர்களுக்கும் நெவாடாவில் இந்த வேலை உண்டு: கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கும் எண்ணத்தைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தை அதே நவம்பர் 1க்குள் பதிய வேண்டும். பி.எல்.எம்-க்குப் பணம் கட்டியாயிற்றே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கவுண்டியில் பதிந்த பத்திரத்தின் நகல் டிசம்பர் 30க்குள் பி.எல்.எம்-க்குப் போக வேண்டும். லாக் குடும்பத்தை நினைவில் வையுங்கள்: 31 அல்ல, 30. கிளெய்ம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பதிவுக் கட்டணமும் உண்டு. அனுப்புகிற வாரத்தில் கட்டணப் பட்டியலைப் பார்த்துத் தொகையை எழுதுங்கள்.

முதல் ஆண்டுக்காரர்களுக்கு

எல்லை நட்ட 90 நாளுக்குள் கவுண்டியிலும் பி.எல்.எம்-இலும் பதிய வேண்டும். அப்போது கட்டும் முதல் பராமரிப்புக் கட்டணத்துக்கு விலக்கு கிடையாது. அடுத்து வரும் செப்டம்பர் 1க்குள் விலக்கு கேட்டால், காட்டுவதற்கு முடிந்துபோன ஆண்டின் வேலை எதுவும் உங்களிடம் இருக்காது. அதனால் அந்த டிசம்பர் 30க்குள் பிரமாணப் பத்திரத்துக்குப் பதிலாக, கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கும் விருப்ப அறிவிப்பு ஒன்றைத் தர வேண்டும். சென்ற ஆண்டு கட்டணம் கட்டிவிட்டு இந்த ஆண்டு விலக்குக்கு மாறுகிறவர்களுக்கும் இதே அறிவிப்புதான். "நான் வேலை செய்ய வேண்டியதில்லையே, பிறகு எதற்குக் காகிதம்?" என்று நினைத்து இதை அனுப்பாமல் விட்டுக் கிளெய்மை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று மாதம் நடந்து நடந்து கண்டுபிடித்த இடம் அது.

கோல்ட்ஃபீல்டில் உள்ள எங்கள் கவுண்டி அலுவலகத்துக்கு நாங்கள் நேரிலேயே போகிறோம். ரினோவிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் கிளெய்முக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. பத்திரத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், பதிவு முத்திரை விழுந்த பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்வோம். அதன் நகல்தான் ரினோவுக்குப் போகிறது. அசல் நீல நிறக் கோப்பில், அந்த ஆண்டின் விலக்குப் படிவத்துக்கும் தபால் ஒப்புகைக்கும் பின்னால் போய்ச் சேர்கிறது. பிறகு வண்டியைக் கிளெய்முக்கு விடுவோம். புது வேலை ஆண்டு தொடங்கியிருக்கும். குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் தேதியைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்போம்.