வேதாரண்யம் நடையை ஒரே பீரியடில் நடத்துவது எப்படி

எட்டாம் வகுப்புக்கு உப்புச் சத்தியாகிரகம் நடத்திய முதல் வருஷம் நான் செய்த தப்பு, தேதியைப் பலகையில் எழுதிவிட்டு ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் கடைசி பெஞ்சு தூங்கிவிட்டது. இப்போதெல்லாம் சோற்றை நடுவில் வைத்து, தேதியைக் கடைசியில் சொல்லி நடத்துகிறேன்.

முதலில் ஒரு கோடு போட்டுப் புள்ளி வையுங்கள்: திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். உப்புச் சட்டத்தை மீற இந்த வழியே நடந்தவர்கள் ராஜாஜியோடு சுமார் நூறு தொண்டர்கள், ஏறத்தாழ 240 கிலோமீட்டர், 16 நாள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பிள்ளைகளே வகுக்கட்டும். பதினைந்து என்று வந்ததும் "ஏப்ரல் வெயில்லயா சார்?" என்று ஒருவனாவது கேட்பான். கேட்கவில்லையென்றால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தஞ்சை கலெக்டர் தார்னைக் கொண்டுவாருங்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அவர் எச்சரித்திருந்தார். "உங்கள் தெருவில் இருட்டும் நேரத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை. ஒரு வருஷம் ஒரு பெண், "வாசல்ல வைக்க மாட்டேன் சார், கொல்லையில வச்சிட்டு வந்துடுவேன்" என்றாள். ஜனங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்: சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் மரத்திடமா கேட்க முடியும்?

அடுத்து வைரப்பன். போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போன வேதாரண்யம் நாவிதர். ராஜாஜி பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினீர்களோ, அதே அளவில் இந்தப் பெயரையும் எழுதுங்கள்.

தட்டில் உப்புத் தண்ணீரைக் காயவைத்துக் காட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பீரியடில் காயாது. ஈரத் தட்டோடு நான் அசடு வழிந்ததுண்டு. முந்தின நாளே வெயிலில் வைத்துவிடுங்கள்.

நாமக்கல் கவிஞர் இந்த நடைக்காகவே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றலாம், தலைமையாசிரியர் முறைக்காவிட்டால்.

தேதிகளுக்குக் கடைசி மூன்று நிமிடம் போதும். 1930 ஏப்ரல் 13 புறப்பாடு, 28 வேதாரண்யம், 30 பக்கத்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதும் ராஜாஜி கைதானதும். 13 என்றதும் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த தேதியாயிற்றே என்று யாராவது சொன்னால், அடுத்த பீரியடை அவனிடமிருந்தே ஆரம்பியுங்கள்.